பிராக்ஸிக்குப் பின்னால் பட்டினி கிடக்கும் பாதுகாப்புக் கருவிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிப் பாதுகாப்பு பற்றி எந்தச் செய்தி வந்தாலும், கடைசி வரியில் 'பாதுகாப்பு மென்பொருளை அப்டேட் செய்து வைத்திருங்கள்' என்ற அறிவுரை தவறாமல் இடம்பெறுகிறது. வீட்டுக் கணினிக்கு அது போதும். தரமணி, கிண்டி, சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் இருக்கும் அலுவலகங்களுக்கும் நகரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளுக்கும் அது பாதி அறிவுரைதான். அங்கே பல கணினிகளுக்கு நேரடி இணையம் கிடையாது. பிராக்ஸி சர்வர் என்ற இடைநிலைக் கணினி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். வைரஸ் தேடும் கிளாம்ஏவி, மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் டிரிவி, டிபென்டென்சி-செக் போன்ற, டெர்மினல் திரையில் கட்டளை தட்டி ஓட்டும் கட்டளைவரிக் கருவிகளுக்கு அந்த வழியைச் சரியாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால், அவை நிற்பதில்லை. வைரஸ், ஓட்டைகளின் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். போன வருடப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இந்த வருடத்துக்கு முகூர்த்தம் குறிப்பது போலத்தான். 'வைரஸ் எதுவும் இல்லை' என்று அறிக்கை வரும், நிர்வாகமும் நிம்மதியாகத் தூங்கும்.

இந்தக் கருவிகளை அன்றாடம் கையாள்பவர்கள் என்ற முறையில், இந்த அமைப்பை எப்படிச் செய்வது, எங்கே இடறுகிறது என்பதை எழுதுகிறோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதலில், 'பிரவுசரில் எல்லாம் திறக்கிறதே, டெர்மினலில் மட்டும் ஏன் வரவில்லை?' என்ற கேள்வி. பெரும்பாலான அலுவலகங்களில் பிரவுசருக்குப் பிராக்ஸி முகவரியைச் சொல்வது பிஏசி என்ற சிறு ஸ்கிரிப்ட் கோப்பு. அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் பிரவுசருக்கு உண்டு. கட்டளைவரிக் கருவிகளில் அநேகமாக எதற்கும் கிடையாது. விண்டோஸில் பிராக்ஸி அமைப்புப் பக்கத்தில் இருக்கும் ஸ்கிரிப்ட் முகவரியைப் பிரவுசரில் இட்டால் அந்தக் கோப்பு இறங்கும். நோட்பேடில் திறந்து, 'பிராக்ஸி' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் முகவரியையும் போர்ட் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கோப்பில் இரண்டு மூன்று முகவரிகள் இருக்கலாம். உள் தளங்களுக்கு ஒன்று, வெளித் தளங்களுக்கு ஒன்று. உங்களுக்கு வேண்டியது வெளித் தளங்களுக்கானது.

முகவரி 10.10.1.5, போர்ட் 3128 என்று வைத்துக்கொள்வோம். 3128 என்பது ஸ்க்விட் என்ற பிராக்ஸி மென்பொருளின் இயல்பு போர்ட். லினக்ஸில் பொதுவாக எச்டிடிபி_பிராக்ஸி, எச்டிடிபிஎஸ்_பிராக்ஸி, நோ_பிராக்ஸி என்ற மூன்று சூழல் மாறிகளில் (கருவிகள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு மதிப்புகள்) இதை எழுத வேண்டும். முதல் இரண்டில் பிராக்ஸி முகவரி, மூன்றாவதில் பிராக்ஸி வழியாகப் போக வேண்டாத முகவரிகள். இங்கேயே இரண்டு குழிகள் இருக்கின்றன.

ஒன்று, எழுத்தின் அளவு. இணைய முகவரியிலிருந்து கோப்பு இறக்கும் கர்ல் என்ற கருவி எச்டிடிபி_பிராக்ஸியைச் சிறிய எழுத்தில் எழுதினால் மட்டுமே மதிக்கும். பெரிய எழுத்தில் எழுதினால் கண்டுகொள்ளாது. காரணம் உண்டு. சிஜிஐ என்ற பழைய முறையில் வேறு நிரல்களை ஓட்டும் வெப் சர்வர்கள், வெளியிலிருந்து வரும் கோரிக்கையின் தலைப்புகளைப் பெரிய எழுத்து மாறிகளாக மாற்றித் தருகின்றன. 'பிராக்ஸி' என்ற தலைப்பை வேண்டுமென்றே அனுப்பினால் அது பெரிய எழுத்து எச்டிடிபி_பிராக்ஸி மாறியாகிவிடும்; இப்படிச் சர்வரின் பிராக்ஸி முகவரியையே அந்நியர் ஒருவர் மாற்றிவிட முடியும். 2016-இல் 'எச்டிடிபாக்ஸி' என்ற பெயரில் பரவலாகப் பேசப்பட்ட ஓட்டை இதுதான். ஆனால் சில கருவிகள் பெரிய எழுத்தையே தேடுகின்றன. ஆகவே இரண்டு வடிவத்திலும் ஒரே மதிப்பை எழுதிவிடுவது நல்லது. ஒன்றில் பழைய முகவரியும் இன்னொன்றில் புதியதும் இருந்துவிட்டால் எந்தக் கருவி எதை எடுக்கும் என்று தேடியே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இரண்டு, மதிப்பின் தொடக்கம். எச்டிடிபிஎஸ்_பிராக்ஸி என்று பெயர் இருப்பதால், மதிப்பையும் எச்டிடிபிஎஸ் என்றே தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மாறியின் பெயர், நீங்கள் போய்ச்சேர வேண்டிய தளத்தின் வகையைக் குறிக்கிறது. மதிப்பின் தொடக்கம், பிராக்ஸியோடு எந்த மொழியில் பேசுவது என்பதைக் குறிக்கிறது. சாதாரண பிராக்ஸி என்றால் இரண்டு மாறிகளிலும் எச்டிடிபி://10.10.1.5:3128 என்பதே சரி. அங்கே எச்டிடிபிஎஸ் என்று போட்டால், டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்க முறை) தெரியாத பிராக்ஸியிடம் கருவி டிஎல்எஸ் பேசத் தொடங்கி, 'தவறான பதிப்பு எண்' என்ற பொருளில் ஒரு பிழை வரும். அந்த வாசகத்தைப் பார்த்துவிட்டு ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளை மாற்றி நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை, ஓர் எழுத்தை அழித்தால் போதும்.

பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும் என்றால், முகவரிக்கு முன்னால் பெயர், முக்காற்புள்ளி, பாஸ்வேர்ட், பிறகு @ குறி. பாஸ்வேர்டுக்குள்ளேயே @ இருந்தால் முகவரி எங்கே தொடங்குகிறது என்று கருவி குழம்பும். அதனால் @ குறியை %40 என்றும், # குறியை %23 என்றும், % குறியை %25 என்றும் மாற்றி எழுத வேண்டும். முழு மதிப்பையும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் $ குறியையும், பேஷ் ஷெல்லில் ஆச்சரியக்குறியையும் ஷெல் தன் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். இப்படி எழுதிய பாஸ்வேர்ட் கட்டளை வரலாற்றுக் கோப்பிலும் தங்கிவிடும், அந்தக் கணினியின் ரூட் பயனர் பார்க்கவும் முடியும். உங்கள் சொந்த அலுவலக பாஸ்வேர்டை இங்கே போடாதீர்கள். அப்டேட் தளங்களுக்கு மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்கு ஒன்றை நெட்வொர்க் பிரிவிடம் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் செய்து, கையால் ஓட்டினால் அப்டேட் ஆகிறது. இரவில் தானாக ஓடும்போது ஆகவில்லை. இதுதான் நாங்கள் அதிகம் கேட்கும் புகார். நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த மாறி உங்கள் டெர்மினலுக்கும் அதிலிருந்து தொடங்கும் கட்டளைகளுக்கும் மட்டுமே சொந்தம். நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு ஓட்டினால், பாதுகாப்புக்காகச் சூழல் மாறிகள் துடைக்கப்படுகின்றன. விசூடோ கட்டளையால் திறக்கும் சூடோ அமைப்புக் கோப்பில், என்வ்_கீப் வரியில் இந்த மாறிகளின் பெயர்களைச் சேர்க்க வேண்டும். ஒருமுறைக்கு மட்டும் என்றால் சூடோவுடன் -ஈ (பெரிய எழுத்து) போதும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானுக்கு, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் உங்கள் பேஷ்ஆர்சி கோப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. மாறிகளைக் கிரான்டேப் கோப்பின் தலையிலேயே எழுத வேண்டும். பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ் என்றால் 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்து, சர்வீஸ் பகுதியில் என்விரான்மென்ட் வரியாக எழுதி, சர்வீஸை மறுபடி தொடங்க வேண்டும். இங்கே இன்னொரு பொடி விஷயம். சிஸ்டம்டி கோப்பில் % குறிக்குத் தனிப் பொருள் உண்டு. ஆகவே பாஸ்வேர்டில் %40 என்று இருப்பதை அங்கே %%40 என்று எழுத வேண்டும். டெர்மினலில் சரியாக இருந்ததை அப்படியே ஒட்டினால் பாஸ்வேர்ட் மாறிப்போய் 407 (அடையாளம் போதவில்லை) பிழை வரலாம்.

கிளாம்ஏவியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சிறு நிறுவனங்களின் மெயில் சர்வர்களிலும் ஃபைல் சர்வர்களிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான். வைரஸ் பட்டியலை இறக்குவது ஃபிரெஷ்கிளாம் என்ற தனிக் கட்டளை. உபுண்டு, டெபியனில் அதன் அமைப்புக் கோப்பு ஈடிசி அடைவில் கிளாம்ஏவி என்பதற்குள் இருக்கிறது. சூழல் மாறிகளை நம்பாமல், அந்தக் கோப்பிலேயே எழுதுவது உறுதியானது. எச்டிடிபிபிராக்ஸிசர்வர் என்ற வரியில் முகவரி மட்டும். போர்ட் எண்ணுக்கு எச்டிடிபிபிராக்ஸிபோர்ட் என்று தனி வரி உண்டு. பயனர் பெயருக்கும் பாஸ்வேர்டுக்கும் இன்னும் இரண்டு வரிகள். பாஸ்வேர்ட் வரியைச் சேர்த்த கணமே, மற்றவர்கள் படிக்கக்கூடிய கோப்பாக இருந்தால் ஃபிரெஷ்கிளாம் 'பாதுகாப்பற்ற அனுமதி' என்று சொல்லி ஓட மறுக்கும். சிஎச்மாட் 600 போடுங்கள். மூலத்திலிருந்து நிறுவியவர்கள், மாதிரிக் கோப்பில் 'எக்ஸாம்பிள்' என்று தனியாக நிற்கும் வரியை நீக்க மறந்தாலும் ஓடாது.

சோதிப்பதற்காக ஃபிரெஷ்கிளாமைக் கையால் ஓட்டும்போது, 'லாக் கோப்பைப் பூட்ட முடியவில்லை' என்று பிழை வந்தால் அதற்கும் பிராக்ஸிக்கும் சம்பந்தமில்லை. பின்னணியில் அதே சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சர்வீஸை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். முடிந்ததும் மறக்காமல் தொடங்குங்கள். அடுத்து, 'கிளாம்ஸ்கேன் --வெர்ஷன்' என்று கொடுங்கள். சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகள் வரும்: மென்பொருளின் பதிப்பு, தினசரிப் பட்டியலின் எண், அது உருவான தேதி. மூன்றாவதுதான் முக்கியம். அந்தத் தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது என்றால், உங்கள் ஸ்கேன் அறிக்கைகளின் மதிப்பும் அவ்வளவுதான். பட்டியல் ஏழு நாளுக்கு மேல் பழையதானால் கிளாம்ஸ்கேன் எச்சரிக்கவும் செய்கிறது. இரவில் ஓடும் ஸ்கிரிப்ட்டில் அதை யார் படிக்கிறார்கள்? பட்டியல் இத்தனை நாளுக்கு மேல் பழையதென்றால் ஸ்கேனையே தோல்வியாக அறிவிக்கும் வசதி புதிய பதிப்புகளில் உண்டு: --ஃபெயில்-இஃப்-சிவிடி-ஓல்டர்-தேன் என்று எழுதி நாள் எண்ணிக்கையைக் கொடுக்க வேண்டும். 3 என்று வையுங்கள். அறிக்கை சிவப்பாக வந்தால்தான் நிர்வாகம் திரும்பிப் பார்க்கும்.

பிராக்ஸி எல்லாம் சரியாக இருந்தும் 429 என்ற பிழை வரலாம். நூறு கணினிகள் ஒரே பிராக்ஸி வழியாகப் போகும்போது, வெளியுலகுக்கு அவை அனைத்தும் ஒரே ஐபி முகவரி. கிளாம்ஏவி தளம் 'இந்த முகவரி அளவுக்கு மேல் கேட்கிறது' என்று நிறுத்திவைக்கும். ஃபிரெஷ்கிளாமை அடிக்கடி ஓட்டினால் தடை நீளுமே தவிர தீராது. உள்ளேயே ஒரு கணினியில் பட்டியலை இறக்கி வைத்து, மற்றவற்றில் பிரைவேட்மிரர் என்ற வரியில் அதன் முகவரியைக் கொடுப்பதே வழி. இறக்கி வைக்க சிவிடிஅப்டேட் என்ற கருவியைக் கிளாம்ஏவி குழுவே தருகிறது. அந்த உள் முகவரியை நோ_பிராக்ஸியில் சேர்க்கவும்.

நோ_பிராக்ஸி என்றதும் நினைவுக்கு வருவது: அதற்கு எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான இலக்கணம் இல்லை. காற்புள்ளியால் பிரித்து, இடைவெளி விடாமல் எழுதினால் எல்லோருக்கும் புரியும். 10.0.0.0/8 போன்ற வரம்பு எழுத்து கோ மொழியில் எழுதிய கருவிகளுக்குப் புரியும், கர்லுக்கு 7.86 பதிப்பிலிருந்துதான் புரியும், டபிள்யூகெட்டுக்குப் புரியாது. முக்கியமான உள் சர்வர்களை முழுப் பெயரோடு தனித்தனியாக எழுதிவிடுவதே தலைவலி இல்லாத வழி.

அடுத்தது சான்றிதழ், அதாவது ஒரு தளம் உண்மையானதுதான் என்று காட்டும் டிஜிட்டல் ஆவணம். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பல நிறுவனங்களின் பிராக்ஸியோ ஃபயர்வாலோ எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைத் திறந்து பார்த்து, நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழால் மீண்டும் மூடி அனுப்புகிறது. அலுவலக விண்டோஸ் கணினிகளில் அந்த மூலச் சான்றிதழ் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருப்பதால் பிரவுசர் வாய் திறப்பதில்லை. லினக்ஸ் சர்வரில் டிரிவி 'அறியாத அமைப்பு கையெழுத்திட்ட சான்றிதழ்' என்று நிற்கும்; பைத்தான் கருவி 'சான்றிதழ் சரிபார்ப்புத் தோல்வி' என்னும்; ஜாவா 'பிகேஐஎக்ஸ்' என்று தொடங்கும் ஒரு நீண்ட புலம்பலைக் கொட்டும். மூன்றும் ஒரே நோய். உடனே யாராவது --இன்செக்யூர் என்றோ கர்லில் -கே என்றோ போடச் சொல்வார்கள். பாதுகாப்புக் கருவியின் பட்டியலையே சரிபார்க்காமல் இறக்குவதற்கு, அந்தக் கருவியை நிறுவாமலே இருந்திருக்கலாம்.

செய்ய வேண்டியது, நிறுவனத்தின் மூலச் சான்றிதழை வாங்கி ஏற்றுவது. விண்டோஸிலிருந்து எடுத்த கோப்பு பெரும்பாலும் டிஇஆர் வடிவில் இருக்கும். ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு பிஇஎம் வடிவுக்கு மாற்றுங்கள். உபுண்டு, டெபியனில் யூஎஸ்ஆர், லோக்கல், ஷேர் என்று போய் சிஏ-சர்டிஃபிகேட்ஸ் அடைவில் வைத்து, அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ் ஓட்ட வேண்டும். கோப்பின் வால் சிஆர்டி என்றே இருக்க வேண்டும். பிஇஎம் என்று விட்டால் கட்டளை அதைத் தாண்டிப் போய்விடும், பிழையும் சொல்லாது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் தன்னுடன் ஒரு தனிச் சான்றிதழ்க் கட்டை வைத்திருப்பதால் இதைப் பொருட்படுத்தாது. ரிக்வெஸ்ட்ஸ்_சிஏ_பண்டில் மாறியில் கணினியின் முழுக் கட்டின் முகவரியைக் கொடுக்க வேண்டும். நிறுவனச் சான்றிதழை மட்டும் கொடுத்தால், அது பழைய கட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற தளங்கள் எல்லாம் உடையும். நோடில் எழுதிய கருவிகளுக்கு நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_சர்ட்ஸ். இது சேர்க்கும், மாற்றாது.

ஜாவாக் கருவிகளின் வழி எப்போதும் தனி. டிபென்டென்சி-செக் ஜாவாவில் ஓடுவது. ஜாவா தானாகச் சூழல் மாறிகளைப் பார்ப்பதில்லை. எச்டிடிபிஎஸ்.பிராக்ஸிஹோஸ்ட், எச்டிடிபிஎஸ்.பிராக்ஸிபோர்ட் என்ற பண்புகளை ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ் மாறியில் -டி சேர்த்து எழுத வேண்டும். விலக்குப் பட்டியலில் காற்புள்ளிக்குப் பதில் செங்குத்துக் கோடு. இன்னொன்று: ஜாவா 8-இன் 111-ஆம் அப்டேட்டிலிருந்து, எச்டிடிபிஎஸ் சுரங்கத்துக்கு (பிராக்ஸி வழியாகப் போகும் எச்டிடிபிஎஸ் இணைப்பு) பேசிக் வகைப் பாஸ்வேர்ட் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் 407 வருவதற்கு இதுவே காரணம். அதைத் திறக்கும் பண்பின் பெயர் ஜேடிகே.எச்டிடிபி.ஆத்.டனலிங்.டிசேபிள்ட்ஸ்கீம்ஸ், மதிப்பை வெறுமையாக விட வேண்டும்.

பிழை எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம். எந்தக் கருவியையும் குறை சொல்லுமுன் கர்லில் -வி, -எக்ஸ் இரண்டும் போட்டு பிராக்ஸி முகவரியும் அப்டேட் தள முகவரியும் கொடுத்துப் பாருங்கள் (எக்ஸ் சிறிய எழுத்து, பெரியது வேறு வேலை செய்யும்). 'கனெக்ட்' கோரிக்கைக்கு 200 வந்தால் பிராக்ஸி விட்டுவிட்டது, கோளாறு அதற்கப்பால். 407 என்றால் அடையாளம் போதவில்லை. அதே வெளியீட்டில் பிராக்ஸி-ஆத்தென்டிகேட் என்ற வரியில் என்டிஎல்எம் (விண்டோஸின் அடையாள முறை) என்று மட்டும் இருந்தால், பல கருவிகள் அதைப் பேசாது. சிஎன்டிஎல்எம் போன்ற இடைத்தரகரை அதே கணினியில் ஓடவிட்டு, கருவிக்கு 127.0.0.1:3128 என்று கொடுக்க வேண்டும். 403 என்றால் உங்களை அடையாளம் தெரிகிறது, அந்தத் தளத்துக்குத்தான் அனுமதி இல்லை. டிரிவியில் இது விசித்திரமாக வரும்: கிட்ஹப்பின் கன்டெய்னர் கிடங்குக்கு அனுமதி வாங்கியிருப்பீர்கள், ஆனால் கோப்பு உண்மையில் இறங்குவது கிட்ஹப்யூசர்கன்டென்ட் என்று முடியும் வேறொரு பெயரிலிருந்து. இரண்டுக்கும் அனுமதி வேண்டும்.

கல்லூரி விடுதிகளில் பிரவுசரில் லாகின் செய்தபின்தான் இணையம் திறக்கும் ஏற்பாடு இருந்தால், கருவி சொல்லும் பிழை பிராக்ஸியைப் பற்றியே இருக்காது. லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல்லையே பட்டியல் என்று நினைத்து இறக்கிவிட்டு, 'கோப்பு சிதைந்திருக்கிறது' என்று சொல்லும். ஃபைல் கட்டளையால் பார்த்தால் குட்டு வெளிப்படும். நெட்வொர்க்கைத் துருவிப் பார்க்கும் என்மேப்பைப் பிராக்ஸி வழியாக ஓட்ட முயலும் மாணவர்களுக்கு ஒரு வரி: எஸ்ஒய்என் ஸ்கேனும் பிங்கும் எச்டிடிபி பிராக்ஸி வழியாகப் போகவே போகாது. அனுமதி இல்லாத நெட்வொர்க்கில் ஓட்டவும் கூடாது.

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். நேர ஒத்திசைவு யூடிபி 123-ஆம் போர்ட்டில் நடப்பது. எச்டிடிபி பிராக்ஸி அதைக் கடத்தாது. நேரம் பின்தங்கிய சர்வரில் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வரும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நேரத்தை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) சர்வர்களோடு ஒத்திசைக்கவும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும், சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. பிராக்ஸியின் லாக்கும் அந்த 180 நாள் கணக்கில் வரும். ஸ்க்விட்டின் ஆக்சஸ் லாக்கில் 'டிசிபி_டினைட்' என்று எந்தச் சர்வர் எத்தனை நாளாக அப்டேட் தளத்தின் வாசலில் திரும்பிப் போகிறது என்பது வரிக்கு வரி இருக்கிறது. திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் கோரிக்கை நெட்வொர்க் பிரிவுகளுக்கு. பிராக்ஸி முகவரி, போர்ட், எந்த வகை அடையாளம், மூலச் சான்றிதழ் எங்கே கிடைக்கும், நோ_பிராக்ஸியில் எவை, எந்த அப்டேட் தளங்களுக்கு அனுமதி உண்டு — இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதி உள் தளத்தில் போடுங்கள். இன்று புதிதாகச் சேரும் பொறியாளர் இதை பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். பக்கத்து மேஜைக்காரர் -கே போடச் சொல்கிறார். பிராக்ஸி முகவரியை மாற்றப்போகிறீர்கள் என்றால், பழைய முகவரியை ஒரு மாதமாவது உயிரோடு வைத்திருந்து, அதன் லாக்கில் இன்னும் யார் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தபின் மூடுங்கள்.

இப்படிக்கு,
சிறு நிறுவனங்களின் சர்வர், நெட்வொர்க் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
கிண்டி, சென்னை – 32.